ஐந்நூறு பவுணில் ஒரு யன்னல்



கணக்காளனாகிய எனக்கு ஒரு பழக்கம். எந்த நிறுவனத்தைப் பற்றிப் படித்தாலும், அதன் முதல் வரவு எங்கிருந்து வந்தது என்று தேடுவேன். தென்கிழக்கு லண்டனில், சிடன்ஹாம் பகுதியிலுள்ள சென்ட் கிறிஸ்தோபர்ஸ் ஹொஸ்பிஸின் முதல் வரவு 500 பவுண். அதைக் கொடுத்தவர் செல்வந்தர் அல்லர். புற்றுநோயால் இறந்துகொண்டிருந்த ஓர் அகதி.

அவர் பெயர் டேவிட் தஸ்மா. போலந்தின் வார்சோ நகரைச் சேர்ந்த யூதர். லண்டனில் உணவகப் பணியாளராக இருந்தவர். அருகில் உறவென்று எவரும் இல்லை. 1947இல் சென்ட் தோமஸ் வைத்தியசாலையில் சமூகநலப் பணியாளராக இருந்த சிசிலி சோண்டர்ஸ் என்ற பெண்மணி அவரைச் சந்தித்தார். அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் தஸ்மா வேறொரு வைத்தியசாலையில் கட்டிலோடு கிடந்தபோதும் அடிக்கடி போய் அவரருகே இருந்தார். தஸ்மாவுக்கு வயது 40. வாழ்ந்ததற்கு ஓர் அடையாளமும் இல்லாமல் போகிறேனே என்பதே அவருடைய பெருங்கவலை. இறுதிக்காலத்தில் இருப்போருக்கென ஓர் இல்லம் எப்படி அமைய வேண்டும் என்று இருவரும் பேசிக்கொண்டார்கள். அந்த இல்லத்தில் தான் ஒரு யன்னலாக இருக்க விரும்புவதாகச் சொல்லி, அந்த 500 பவுணை சோண்டர்ஸுக்கு விட்டுவிட்டு, 1948 பெப்ரவரி 25ஆம் திகதி தஸ்மா கண்மூடினார்.

யன்னல் கிடைத்துவிட்டது. அதைச் சுற்றி வீடு கட்ட 19 ஆண்டுகள் பிடித்தன.

முன்னர் தாதியாகவும் பணிபுரிந்த சோண்டர்ஸ், 33ஆவது வயதில் மருத்துவம் படிக்கத் தொடங்கி, 1957இல் வைத்தியரானார். மறு ஆண்டு ஹக்னியிலுள்ள சென்ட் ஜோசப்ஸ் ஹொஸ்பிஸில் பணியேற்றார். அக்காலத்தில் பல இடங்களில் நோயாளி வலியால் துடித்துக் கேட்ட பிறகே மருந்து கொடுப்பார்கள். சோண்டர்ஸ் மோர்பினை நேரம் தவறாமல், வலி திரும்பவும் தலைதூக்குமுன் வாய்வழியாகக் கொடுத்தார். வலி அடங்கிய பின்புதான் நோயாளிகள் மனம் திறந்து பேசினார்கள்.

அப்படிப் பேசியவர்களில் ஒரு பெண், தன் வலியைப் பற்றிக் கேட்டபோது முதுகில் தொடங்கி, தனக்காக வேலையையும் சம்பளத்தையும் விட வேண்டியிருந்த கணவன், மகன் பற்றிய கவலைவரை சொல்லி முடித்தாராம். உடல், மனம், குடும்பம், ஆன்மா நான்கும் சேர்ந்தே நோகின்றன என்று சோண்டர்ஸ் 1964 அளவில் எழுதினார். 'முழு வலி' என்று அதற்குப் பெயரிட்டார். நேயர்களே, நம் தமிழில் நோய், நோவு இரண்டும் ஒரே வேரில் பிறந்த சொற்கள். நம் முன்னோருக்கு இது விளங்கியிருந்தது போலும்.

1967 ஜூலையில் சென்ட் கிறிஸ்தோபர்ஸ் திறக்கப்பட்டது. 1969இல் நோயாளியின் வீட்டுக்கே போய்ப் பராமரிக்கும் சேவையும் தொடங்கியது. அதே ஆண்டில் அமெரிக்காவில் எலிசபெத் கூப்ளர்-றொஸ் என்ற மனநல வைத்தியர், சாவை எதிர்நோக்குவோருடன் உரையாடி ஒரு நூல் வெளியிட்டார். மறுப்பு, கோபம், பேரம், சோர்வு, ஏற்பு என ஐந்து நிலைகளை அதில் கூறினார். இவை மாடிப்படிகள்போல வரிசையாக வருவன அல்ல. காலையில் ஏற்றுக்கொண்டவர் மாலையில் கோபப்படலாம். அருகில் இருப்பவர் அதற்காக மனம் நொந்துகொள்ளத் தேவையில்லை.

நோயை நோயாளிக்கே மறைப்பது நம்மவரின் வழக்கம் மட்டும் என்று எண்ண வேண்டாம். 1961இல் சிக்காகோ வைத்தியர்களிடம் நடத்திய ஆய்வில், 90 வீதமானோர் புற்றுநோய் என்பதைச் சொல்வதில்லை என்றார்கள். 1979இல் அமெரிக்காவில் அதே கேள்விகளைக் கேட்டபோது 97 வீதமானோர் சொல்வோம் என்றார்கள். பதினெட்டு ஆண்டுகளில் அவர்களின் வழக்கம் தலைகீழாக மாறிவிட்டது.

நம் வீடுகளில் அது இன்னும் முழுதாக மாறவில்லை. என் சித்தப்பாவுக்கு ஈரலில் புற்றுநோய் கண்டபோது, வைத்தியர் சொன்னதை மொழிபெயர்த்தவன் நான்தான். சித்தி என் கையைப் பிடித்து, "அவருக்குச் சொல்லிப்போடாதை தம்பி, மனம் உடைஞ்சு போவார்" என்றார். ஆகவே அவரிடம் 'சின்னக் கட்டி' என்றேன். இரண்டு வாரம் கழித்து, தனியே இருந்தபோது சித்தப்பா சொன்னார்: "எனக்கு என்ன வருத்தமெண்டு எனக்குத் தெரியும். சித்திக்குச் சொல்லிப்போடாதை, அவள் தாங்கமாட்டாள்." பிறகு என்னைப் பேனா எடுக்கச் சொன்னார். சீட்டுக்காசில் கட்டவேண்டிய மிச்சம், ஊர்க்காணியின் உறுதி யாரிடம் இருக்கிறது, யாருக்கு எவ்வளவு கடன் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். நான் எழுதினேன். பதறாமல் கணக்கு முடித்த அந்த மனிதரா உடைந்துபோகக்கூடியவர்?

இருவர் இரகசியத்தையும் காப்பாற்றினேன். அதைக் கடமை என்றே நினைத்தேன். நாற்பது ஆண்டு ஒன்றாக வாழ்ந்தவர்கள், கடைசி ஐந்து வாரமும் ஒருவருக்கொருவர் நடித்தே பிரிந்தார்கள். அந்தத் தாளைச் செத்தவீட்டுக்குப் பிறகு சித்தியிடம் கொடுத்தபோது அவர் கேட்டது ஒன்றுதான்: "அப்ப அவருக்குத் தெரியுமோ?"

எல்லோருக்கும் எல்லாவற்றையும் போட்டு உடைக்க வேண்டும் என்று நான் கூறவில்லை. எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறார் என்று நோயாளியிடமே கேட்கலாம். கேட்டபின் மௌனமாக அருகில் இருக்கலாம். வைத்தியசாலையில் பிள்ளைகளை மொழிபெயர்க்க வைக்காமல், இலவசமாகக் கிடைக்கும் மொழிபெயர்ப்பாளரைக் கேட்டுப் பெறலாம். ஹொஸ்பிஸ் என்றதும் 'கொண்டுபோய்ப் போடும் இடம்' என்று அஞ்சவும் வேண்டாம். அதன் சேவைக்குக் கட்டணம் இல்லை. வீட்டுக்கும் வருவார்கள்.

சிசிலி சோண்டர்ஸ் 2005 ஜூலை 14ஆம் திகதி, தனது 87ஆவது வயதில், தானும் புற்றுநோயுற்று, தான் நிறுவிய அதே இல்லத்தில் காலமானார். அவர் வகுத்த பராமரிப்பு முறை இன்று பல நாடுகளில் பரவியிருக்கிறது. அந்த இல்லத்தில் தஸ்மாவின் நினைவாக ஒரு யன்னலும் வைத்தார்கள்.

உறவற்ற ஓர் அகதிக்குக் கிடைத்த அந்தப் பேச்சுத்துணை, உறவுகள் சூழ இருந்த என் சித்தப்பாவுக்குக் கிடைக்கவில்லை. அவருடைய கணக்கை நான் சரியாகவே எழுதினேன். ஆனால் அந்தப் பேனாவை மூடிவைத்துவிட்டுச் சித்தியை உள்ளே கூப்பிட்டிருக்க வேண்டும்.