இனிப்பு பானங்களைக் கைவிடுதலும் இராயபுரம் நீரிழிவுத் தடுப்பு ஆய்வும்

இனிப்பு பானங்களைக் கைவிடுதல் என்பது சர்க்கரை சேர்த்த குளிர்பானம், சர்பத், தேநீர், காபி போன்றவற்றை நிறுத்துவதையோ, சர்க்கரையில்லாமல் அருந்துவதையோ குறிக்கும். பெரும்பாலோர் உடல் எடையைக் குறைக்கவே இதைத் தொடங்குகின்றனர். சில மாதங்களில் எடை குறையாவிட்டால் பயனில்லை என்று பழைய வழக்கத்துக்குத் திரும்புவோரும் உண்டு. உணவுக் கட்டுப்பாட்டின் பயனை எடைக்கருவி மட்டும் காட்டிவிடாது என்பதை வடசென்னையின் இராயபுரத்தைச் சேர்ந்த மருத்துவர்கள் நடத்திய ஆய்வு 2006-இல் எடுத்துக்காட்டியது.

கஞ்சித்தொட்டி முதல் நீரிழிவு மருத்துவமனை வரை

1780-களில் சென்னையில் பஞ்சம் ஏற்பட்டபோது, பசித்தவர்களுக்குக் கஞ்சி ஊற்றுவதற்காக மணியக்காரர் சத்திரம் தொடங்கப்பட்டது. அதையொட்டி வளர்ந்த மருத்துவமனையை மக்கள் 'கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி' என்றே அழைத்தனர். அதுவே பிற்காலத்தில் ஸ்டான்லி அரசு மருத்துவமனை ஆனது. பட்டினியால் வாடியோருக்காகத் தோன்றிய அந்த இடத்தில், 1948-இல் மருத்துவர் எம். விசுவநாதன் நீரிழிவு நோயாளிகளுக்கெனத் தனிப் பிரிவைத் தொடங்கினார். இந்தியாவின் முன்னோடி நீரிழிவுப் பிரிவுகளுள் இதுவும் ஒன்றாகும். 1954-இல் அவர் இராயபுரத்தில் ஒரு பொது மருத்துவமனையை நிறுவினார். அது 1971-இல் நீரிழிவுக்கு மட்டுமான மருத்துவமனையாக மாற்றப்பட்டது.

உழைப்பும் பானங்களும் மாறிய விதம்

துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர்களும் ஆலைகளில் ஷிப்டு பார்த்தவர்களும் அருந்திய இனிப்புத் தேநீர், அவர்களின் கடும் உழைப்பில் பெருமளவு செலவாகியது. நாளடைவில் உழைப்பின் தன்மை மாறியது. 1983-இல் சென்னைத் துறைமுகத்தில் சரக்குப் பெட்டக முனையம் திறக்கப்பட்டது. தோள் சுமந்த சரக்கைப் பாரந்தூக்கிகள் தூக்கத் தொடங்கின. உழைப்பு குறைந்தபோதும் தேநீரில் சர்க்கரை குறையவில்லை.

பானங்களும் பெருகின. தமிழ்நாட்டில் கோலி சோடாவும் 'கலர்' எனப்படும் இனிப்புச் சோடாவும் நெடுங்காலமாக விற்கப்பட்டு வந்தன. 1916-இல் விருதுநகரில் தொடங்கப்பட்ட காளிமார்க் நிறுவனம் புகழ்பெற்றது. 1977-இல் இந்தியாவை விட்டு வெளியேறிய கோகோ கோலா 1993-இல் திரும்பியது. அதன் பிறகு நெகிழிப் புட்டிகளில் பெரிய அளவுகளில் குளிர்பானம் வீடுகளுக்குள் வந்தது. 2017 மார்ச் 1 முதல் தமிழக வணிகர் சங்கங்கள் பன்னாட்டுக் குளிர்பானங்களை விற்பதில்லை என்று அறிவித்தன. அந்தப் புறக்கணிப்பில் முதன்மையாகப் பேசப்பட்டது நிலத்தடி நீரும் ஆற்று நீரும்தான். அப்போது மாற்றாக முன்வைக்கப்பட்ட உள்ளூர்க் குளிர்பானங்களிலும் சர்க்கரை உண்டு.

எடை எவ்வளவு குறையும்?

கோலா வகைப் பானம் 300 மில்லிலிட்டரில் ஏறத்தாழ 32 கிராம் சர்க்கரை இருக்கும். இது ஆறு தேக்கரண்டிக்கும் மேல். நாள் ஒன்றுக்கு 25 கிராமுக்குள் சர்க்கரையை நிறுத்திக்கொண்டால் கூடுதல் நன்மை கிடைக்கும் என உலக சுகாதார நிறுவனம் 2015-இல் அறிவுறுத்தியது. நான்கு வேளைத் தேநீரில் இரண்டிரண்டு கரண்டி சர்க்கரை போட்டாலே அந்த அளவு தாண்டிவிடும்.

நீர்ம வடிவில் சேரும் சர்க்கரை வயிற்றை நிறைப்பதில்லை. அதனால் அதை அருந்தியவர் அடுத்த வேளை உணவைக் குறைப்பதும் இல்லை. பானத்தை நிறுத்தினால் எடை குறைய வாய்ப்புண்டு. ஆனால் அது பெரும்பாலும் சிறிய அளவுதான். அமெரிக்காவில் 318 பேரிடம் ஆறு மாதம் நடத்தி 2012-இல் வெளியிட்ட ஆய்வில், இனிப்பு பானத்துக்குப் பதில் தண்ணீரோ சர்க்கரையில்லாப் பானமோ அருந்தியோருக்குச் சராசரியாக 2 முதல் 2.5 விழுக்காடு எடையே குறைந்தது. 80 கிலோ எடையுள்ள ஒருவருக்கு இது ஏறத்தாழ 2 கிலோ ஆகும்.

இராயபுரம் ஆய்வு

'இந்திய நீரிழிவுத் தடுப்புத் திட்டம்' என்னும் ஆய்வை மருத்துவர் அ. இராமச்சந்திரன் தலைமையில் இராயபுரம் நீரிழிவு ஆய்வு மையத்தினர் நடத்தினர். இரத்தச் சர்க்கரை இயல்பைவிடக் கூடியும் நீரிழிவு எனச் சொல்லும் அளவை எட்டாமலும் இருந்த 531 பேர் இதில் சேர்க்கப்பட்டனர். அவர்களுள் ஆண்கள் 421 பேர், பெண்கள் 110 பேர். சராசரி வயது ஏறத்தாழ 46. அவர்கள் நான்கு குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு குழுவுக்கு வழக்கமான பொது அறிவுரை மட்டும் தரப்பட்டது. மற்றொரு குழுவுக்கு வாழ்க்கை முறை மாற்றமும், மூன்றாவதற்கு மெட்பார்மின் மாத்திரையும், நான்காவதற்கு இரண்டும் அளிக்கப்பட்டன.

வாழ்க்கை முறை மாற்றம் என்பது எளிய பட்டியல்தான்: சர்க்கரையைத் தவிர்த்தல், தீட்டிய தானியத்தையும் கொழுப்பையும் குறைத்தல், நார்ச்சத்துள்ள உணவைச் சேர்த்தல், நாள்தோறும் அரை மணி நேரமாவது நடத்தல்.

மூன்று ஆண்டுகளில், பொது அறிவுரை மட்டும் பெற்ற குழுவில் 55 விழுக்காட்டினருக்கு நீரிழிவு வந்தது. வாழ்க்கை முறையை மாற்றியவர்களில் இது 39.3 விழுக்காடாக இருந்தது. அதாவது நோய் வரும் வாய்ப்பு 28.5 விழுக்காடு குறைந்தது. மாத்திரையும் ஏறத்தாழ இதே பயனைத் தந்தது. இரண்டையும் சேர்த்ததால் கூடுதல் பயன் கிடைக்கவில்லை.

எடை குறையாமல் கிடைத்த பயன்

பின்லாந்திலும் (2001) அமெரிக்காவிலும் (2002) நடந்த இத்தகைய ஆய்வுகளில் நீரிழிவு 58 விழுக்காடு குறைந்தது. அங்குப் பங்கேற்றவர்களின் எடையும் குறைந்தது. இராயபுரம் ஆய்வில் வாழ்க்கை முறையை மாற்றியவர்களுக்கு எடை குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை. ஆயினும் நோய் தள்ளிப்போனது. பங்கேற்றவர்கள் மிகுந்த பருமன் உடையவர்கள் அல்லர் என்பதும் கவனிக்கத்தக்கது. ஒல்லியான தோற்றமுள்ள இந்தியர்க்கும் வயிற்றுப் பகுதியில் கொழுப்பு சேர்வதால் நீரிழிவு வருவதுண்டு.

இந்த ஆய்வு இனிப்பு பானத்தை மட்டும் தனியே எடுத்துச் சோதிக்கவில்லை. சர்க்கரையைத் தவிர்த்தலும் நடைப்பயிற்சியும் பிற உணவு மாற்றங்களும் சேர்ந்து தந்த பயனே இது. எனவே குளிர்பானத்தை நிறுத்தினால் மட்டும் போதும் என்று இதிலிருந்து முடிவு செய்ய இயலாது.

பின்னர் தென்னிந்தியாவில் பணிபுரியும் 537 ஆண்களிடம் கைப்பேசிக் குறுஞ்செய்தி வழியே இத்தகைய அறிவுரைகளை நினைவூட்டிய ஆய்வு 2013-இல் வெளியானது. இரண்டு ஆண்டுகளில் நினைவூட்டப்பட்டவர்களில் 18 விழுக்காட்டினருக்கும் மற்றவர்களில் 27 விழுக்காட்டினருக்கும் நீரிழிவு ஏற்பட்டது.

தமிழ்நாட்டில் வயது வந்தோரில் 14.4 விழுக்காட்டினருக்கு நீரிழிவு உள்ளதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023-இல் வெளியான ஆய்வு தெரிவித்தது. இந்நிலையில், இனிப்பு பானத்தை நிறுத்திய ஒருவர் எடைக்கருவியின் முள் நகரவில்லை என்பதற்காக அம்முயற்சியைக் கைவிட வேண்டியதில்லை. இரத்தச் சர்க்கரைப் பரிசோதனையும் இடுப்புச் சுற்றளவும் எடையுடன் சேர்த்துப் பார்க்கப்பட வேண்டியவை.