ஊரறிந்த காவல்: ஆயுதமில்லாப் பாதுகாப்பு வந்த வழி

1938இல் அலகாபாத்தில் வகுப்புக் கலவரம் மூண்டது. ஐக்கிய மாகாணத்தை அப்போது ஆண்டது காங்கிரஸ். தன் கட்சி ஆளும் இடத்திலேயே கலவரத்தை அடக்கப் போலீசையும் ராணுவத்தையும் அழைக்க நேர்ந்தது காந்தியை வாட்டியது. தாக்க வரும் கூட்டத்தின் நடுவே வெறுங்கையோடு போய் நிற்கும் ஒரு படை வேண்டும் என்ற எண்ணம் அவருக்கு முன்பே உண்டு. அந்த ஆண்டு ஜூன் மாத ‘ஹரிஜன்’ இதழில், அத்தகைய படையில் சேர்பவருக்கு இருக்க வேண்டிய தகுதிகளை வரிசையாக எழுதினார். கடவுள் நம்பிக்கை, எல்லாச் சமயங்களிடமும் சம மதிப்பு என்று போகிற அந்த வரிசையில் ஒன்று முழுக்க நடைமுறை சார்ந்தது. படைவீரர் அமைதிக் காலத்திலேயே தன் வட்டாரத்து மக்களுக்குத் தொண்டு செய்து பழகியிருக்க வேண்டும். கலவரம் மூண்ட பிறகு முன்பின் தெரியாத ஆளாக வந்து இறங்கினால், கூட்டம் அவரைச் சந்தேகத்தோடுதான் பார்க்கும்.

இந்தக் கட்டுரை அந்த ஒரு தகுதியைப் பின்தொடர்ந்து போகிறது. ஆயுதமில்லாமல் குடிமக்களைக் காக்கும் முறை அடுத்த எண்பது ஆண்டுகளில் கண்டம் விட்டுக் கண்டம் பரவியது. பரவும் வழியில் இந்தத் தகுதியைத் தலைகீழாக்கிக்கொண்டது. பிறகு, பெரும் விலை கொடுத்து, அதனிடமே திரும்பி வந்தது என்பது என் வாதம்.

காந்தி அந்தப் படையைத் தன் வாழ்நாளில் அமைக்கவில்லை. 1957இல் பூதான நடைப்பயணமாகக் கேரளத்துக்கு வந்த வினோபா பாவே சாந்தி சேனையைத் தொடங்கினார். 5,000 பேருக்கு ஒரு சாந்தி சைனிக் என்பது அவர் போட்ட கணக்கு. கலவரம் இல்லாத நாளில் ஊர்த்தொண்டு, கலவர நாளில் இரு தரப்புக்கும் நடுவே நிற்பது என்று வேலை இரண்டாக வகுக்கப்பட்டிருந்தது. 1969 அகமதாபாத் கலவரத்தின்போது சாந்தி சேனையைச் சேர்ந்த நாராயண் தேசாயும் தோழர்களும் செய்த பணிகளுள் வீரதீரமாகத் தெரியாத ஒன்று, வதந்திகளைத் தேடிப்போய் விசாரித்து மறுப்பது. பின்னாளில் கொலம்பியக் காட்டுக் கிராமங்களிலும் பிலிப்பைன்ஸின் மிண்டனாவோவிலும் உயிர்களைக் காத்த வேலைகளுள் முதன்மையான ஒன்று இதுதான்.

சாந்தி சேனையின் அனுபவத்தை வெளிநாட்டுக்குக் கொண்டுபோனவர்களுள் முக்கியமானவர் நாராயண் தேசாய். 1981 செப்டம்பரில் கனடாவின் கிரைண்ட்ஸ்டோன் தீவில் கூடிய சிறு குழுவில் அவரும் இருந்தார். அங்கே பிறந்த அமைப்பு பீஸ் பிரிகேட்ஸ் இன்டர்நேஷனல். 1983இல் அது குவாத்தமாலாவுக்குப் போனது. ராணுவ ஆட்சியில் ஆட்கள் காணாமல் போய்க்கொண்டிருந்த நாடு அது. காணாமல் போனோரின் உறவினர்கள் 1984இல் பரஸ்பர உதவிக் குழு என்ற பெயரில் ஒன்றுசேர்ந்தனர். 1985 மார்ச் கடைசியிலும் ஏப்ரல் தொடக்கத்திலும், ஒரு வாரத்துக்குள், அதன் தலைவர்கள் இருவர் கொல்லப்பட்டனர். எஞ்சிய தலைவர்களோடு வெளிநாட்டுத் தொண்டர்கள் இரவும் பகலும் உடனிருக்கத் தொடங்கினர். வீட்டிலும் பேருந்திலும் ஊர்வலத்திலும் அவர்கள் கூடவே இருந்தார்கள். அதன் பிறகு அந்தத் தலைவர்களில் எவரும் கொல்லப்படவில்லை.

நம் ஊர்களில் இருட்டிய பிறகு ஒரு பெண்ணோடு யாராவது ‘துணைக்குப் போவது’ வழக்கம். முறை அதேதான். ஆனால் துணைக்கு வந்தவரின் பலம் எங்கிருந்து வந்தது என்பதில்தான் மாற்றம் நிகழ்ந்தது. கொலையாளி அஞ்சியது அந்தத் தொண்டரை அல்ல. அவருடைய கடவுச்சீட்டை, அதற்குப் பின்னாலிருந்த தூதரகத்தை, தூதரகத்துக்குப் பின்னாலிருந்த உதவிப்பணத்தை. லியம் மஹோனியும் லூயிஸ் என்ரிகே எகுரெனும் 1997இல் வெளியிட்ட நூல் இந்த அச்சுறுத்தல் சங்கிலியை நுட்பமாக ஆராய்கிறது. சுடுபவனிடமிருந்து கட்டளையிடுபவர் வரை, அவரிடமிருந்து வெளிநாட்டு அரசு வரை, எல்லாக் கண்ணிகளும் சேர்ந்திருந்தால்தான் சங்கிலி இழுக்கும். காந்தியின் படைவீரருக்கு ஊராருக்குத் தெரிந்த முகமாக இருப்பதே பலம். குவாத்தமாலாவில் நின்றவருக்கு அந்நியராக இருப்பதே கவசம். அந்தக் கவசத்தில் நிறமும் நாடும் கலந்திருந்தன என்பது அமைப்புக்குள்ளேயே நெடுங்காலம் விவாதிக்கப்பட்ட சங்கடம்.

இலங்கைக்கு இந்த முறை 1989இல் வந்தது. தெற்கில் ஜே.வி.பி. கிளர்ச்சியும் அரசின் அடக்குமுறையும் உச்சத்தில் இருந்த காலம். ஆட்கொணர்வு மனு தாக்கல் செய்த வழக்கறிஞர்களே கொல்லப்பட்டார்கள். அச்சுறுத்தப்பட்ட வழக்கறிஞர்களுக்குத் துணையாகவே பீஸ் பிரிகேட்ஸ் அங்கே பணியைத் தொடங்கியது. அறிக்கைகளை வெளியிடும் முன் தனக்குக் காட்ட வேண்டும் என்று அரசு விதித்த நிபந்தனையை ஏற்காமல் 1998இல் அது வெளியேறியது. ஒன்பது ஆண்டுப் பணி ஓர் அனுமதிக் கடிதத்தோடு முடிந்துபோகக்கூடியதாக இருந்தது என்பதை இங்கே குறித்துக்கொள்ள வேண்டும்.

பீஸ் பிரிகேட்ஸ் இலங்கைக்கு வருவதற்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன்பே, 1984இல், யாழ்ப்பாணத்தில் அன்னையர் முன்னணி உருவாகியிருந்தது. பாதுகாப்புப் படையினர் இளைஞர்களைக் கூட்டங்கூட்டமாகப் பிடித்துப் போனபோது, தாய்மார் அரசாங்க அதிபரின் கச்சேரிக்கு ஊர்வலமாகப் போய் பிள்ளைகளைக் கேட்டார்கள். எந்தக் கடவுச்சீட்டும் அவர்களுக்குக் கவசமாக இல்லை. ஊரில் எல்லோருக்கும் தெரிந்த தாய்மார் என்பதே அவர்களுடைய பலம். ஆயுத இயக்கங்களின் கை ஓங்க ஓங்க அவர்கள் தனித்து நிற்கும் இடம் சுருங்கியது. பெரும்பாலான உலக வரலாறுகள் இவர்களைத் தாய்மார் போராட்டம் என்ற தலைப்பில் வைக்கின்றன. குடிமக்கள் பாதுகாப்பு என்ற தலைப்பின் கீழும் இவர்கள் வர வேண்டும் என்பது என் துணிபு.

2002 இறுதியில் டெல்லியை அடுத்த சூரஜ்குண்டில் நான்வயலன்ட் பீஸ்ஃபோர்ஸ் அமைப்பு நிறுவப்பட்டது. அது முதன்முதலில் களமிறங்கிய நாடு இலங்கை, ஆண்டு 2003. பிரிகேட்ஸிலிருந்து இது ஒரு வகையில் வேறுபட்டது. பல நாட்டவர், குறிப்பாக ஆசிய ஆப்பிரிக்க நாட்டவர், களப்பணியாளராக வந்தார்கள். தலைவர்களுக்குத் துணை போவதோடு நிற்காமல் மூதூர், வாழைச்சேனை போன்ற ஊர்களில் தங்கி ஊரவரோடு வேலை செய்தார்கள். விடுதலைப் புலிகளின் ஆட்சேர்ப்பில் பிள்ளைகளை இழந்த கிழக்கின் தாய்மார் முகாம் வாசலுக்குப் போய் நின்றபோது இவர்கள் உடன் போனார்கள். கேட்டது தாய்மார், அவர்கள் கேட்கும்போது பார்த்துக்கொண்டிருந்தது வெளியார். இந்தச் சிறு மாற்றம் பெரியது.

ஆனால் இலங்கையே இந்த முறையின் எல்லையையும் காட்டியது. 2008 செப்டம்பரில் வன்னியிலிருந்து ஐ.நா. நிறுவனங்களும் பிற உதவி அமைப்புகளும் வெளியேற வேண்டும் என்று அரசு ஆணையிட்டது. கிளிநொச்சியில் ஐ.நா. அலுவலக வாசலில் மக்கள் திரண்டு, எங்களை விட்டுப் போகாதீர்கள் என்று மன்றாடினார்கள். வாகனங்கள் போய்விட்டன. அடுத்த மே மாதத்துக்குள் நடந்ததைத் தமிழ் வாசகருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஐ.நா. தன் பொறுப்பில் கடுமையாகத் தவறியது என்று 2012இல் அதன் உள்ளக மீளாய்வுக் குழுவே எழுதியது. வெளியாரின் முகத்தை மட்டும் நம்பிய பாதுகாப்பு, அந்த முகம் திரும்பியதும் இல்லாமல் போகும். அதே நேரத்தில் இதையும் சொல்ல வேண்டும்: எறிகணைக்கு முன் எவருடைய முகமும் எடுபடாது. ஆயுதமில்லாப் பாதுகாப்பு, கொல்ல வருபவன் எதிரே நிற்பவரைப் பார்க்கும் தொலைவில்தான் வேலை செய்யும்.

வெளியாரை நம்பாமல் ஊராரே தங்களைக் காத்துக்கொண்ட முறையைக் காண, கொலம்பியாவின் இரண்டு இடங்களில் நான் சற்று நிற்க விரும்புகிறேன்.

முதலாவது, சாந்தாந்தேர் மாநிலத்தில் கராரே ஆற்றங்கரையில் உள்ள லா இந்தியா. 1987இல் அந்த உழவர்களிடம் ராணுவ அதிகாரி ஒருவர் நான்கு வழிகளை வைத்தார். துணைப்படையில் சேர், கெரில்லாக்களோடு போ, ஊரை விட்டு ஓடு, இல்லையேல் சாவு. அவர்கள் நான்கையும் மறுத்து, கராரே உழவர் சங்கத்தை அமைத்து, ஆயுதம் தாங்கிய ஒவ்வொரு தரப்பிடமும் நேரில் போய்ப் பேசினார்கள். எந்தத் தரப்புக்கும் உதவக் கூடாது, உளவு சொல்லக் கூடாது என்று தங்களுக்குள் விதி வைத்தார்கள். இந்தச் சங்கத்தை ஆராய்ந்த ஆலிவர் கப்லான் சுட்டும் ஒரு வழக்கம் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. ஒருவரை எதிரியின் உளவாளி என்று ஒரு தரப்பு குற்றஞ்சாட்டினால், சங்கமே அதை விசாரிக்கும். அவரை ஊர் அறியும். அவர் எங்கே போனார், யாரோடு பேசினார் என்பதும் ஊருக்குத் தெரியும். குற்றம் பொய்யென்றால் சங்கத்தார் போய் ஆயுததாரியிடம் அப்படியே சொல்வார்கள். இலங்கையில் சாக்குத் துணியால் முகம் மூடிய ‘தலையாட்டி’ ஒரு தலையசைப்பில் ஆளைக் காட்டிக்கொடுத்ததையும், ‘துரோகி’ என்ற ஒரு சொல்லுக்காகக் கம்பத்தில் கட்டப்பட்டவர்களையும் கண்டவர்களுக்கு, இந்த விசாரணை எத்தனை உயிர்களின் விலை என்பது விளங்கும். 1990 பிப்ரவரியில் சங்கத்தின் தலைவர்கள் மூவர் சிமித்தாரா என்ற ஊரில், அவர்களைச் சந்திக்க வந்த ஒரு பெண் பத்திரிகையாளரோடு சேர்த்துச் சுட்டுக் கொல்லப்பட்டனர். அதே ஆண்டு சங்கத்துக்கு ரைட் லைவ்லிஹுட் விருது கிடைத்தது. சங்கம் கலைந்துவிடவில்லை.

இரண்டாவது, கௌகா மாநிலத்தின் மலைகளில் வாழும் நாசா பழங்குடியினர். அவர்களுடைய காவல் 2001இல் முறையாக அமைக்கப்பட்டது. வண்ண நாடாக்கள் கட்டிய பனைத்தடி ஒன்றே அவர்கள் கையில் இருக்கும். அது அடிக்கும் கோல் அல்ல, ஊர் தந்த அதிகாரத்தின் அடையாளம். சம்பளம் இல்லை. ஆணும் பெண்ணும் முதியவரும் இளையவரும் முறைவைத்து வருவார்கள். 1991 அரசியல் சட்டம் பழங்குடிகளின் சொந்த நீதிமுறையை ஏற்றிருப்பதால் அந்தத் தடிக்குச் சட்டப் பின்புலமும் உண்டு. 2004இல் தொரிபியோ நகர மேயரை ஃபார்க் கெரில்லாக்கள் கடத்தியபோது, சில நூறு காவலர்கள் தொலைவிலுள்ள ககேதா வரை பயணம்போய் அவரை மீட்டு வந்தார்கள். 2012 ஜூலையில் தொரிபியோவுக்கு மேலே குன்றில் முகாமிட்டிருந்த அரசுப் படைவீரர்களைத் தூக்கிக்கொண்டுபோய் வெளியே விட்டார்கள். இரு தரப்பிடமும் அவர்கள் சொன்னது ஒன்றே: எங்கள் நிலத்தில் உங்கள் போர் வேண்டாம்.

இலங்கைத் தமிழரின் காதில் ‘ஊர்காவல்’ என்ற சொல் வேறுவிதமாக ஒலிக்கும். அரசு துப்பாக்கி கொடுத்து எல்லைக் கிராமங்களில் நிறுத்திய படைக்கு அந்தப் பெயர் இருந்தது. நாசாக்களின் காவல் அதற்கு நேர் எதிரானது. ஒரு தரப்பின் துப்பாக்கியை ஏற்ற நொடியில் ஊர் மறுதரப்பின் இலக்காகிவிடுகிறது என்பதை அவர்கள் அனுபவத்தில் கற்றிருந்தார்கள்.

இதே காலத்தில் வெளியார் அமைப்புகளும் மாறிக்கொண்டிருந்தன. பிலிப்பைன்ஸின் மிண்டனாவோவில் 2003இல் உள்ளூர் மக்களே பந்தாய் சீஸ்ஃபயர் என்ற போர்நிறுத்தக் கண்காணிப்பைத் தொடங்கினார்கள். 2009இல் அரசும் மோரோ இஸ்லாமிய விடுதலை முன்னணியும் குடிமக்கள் பாதுகாப்பைப் பன்னாட்டுக் கண்காணிப்புக் குழுவின் பொறுப்புகளில் சேர்க்க ஒப்புக்கொண்டன. பீஸ்ஃபோர்ஸும் உள்ளூர் அமைப்புகளும் அந்தப் பொறுப்பில் இணைந்தன. தெற்கு சூடானில் 2014 ஏப்ரலில் ‘போர்’ (Bor) என்ற நகரின் ஐ.நா. முகாம் தாக்கப்பட்டபோது, பீஸ்ஃபோர்ஸ் பணியாளர் இருவர் மண்குடிசைக்குள் பெண்களோடும் குழந்தைகளோடும் இருந்தார்கள். துப்பாக்கியோடு வந்தவர்கள் மூன்று முறை அந்த இருவரையும் வெளியேறச் சொன்னார்கள். அவர்கள் நகரவில்லை. உள்ளே இருந்தவர்கள் பிழைத்தார்கள். இந்நிகழ்ச்சி பலராலும் சொல்லப்படுகிறது. அதைவிட நீடித்த பணி, விறகு பொறுக்கப் போகும் வழியில் தாக்கப்பட்ட பெண்களே அங்கே தங்களுக்குள் பாதுகாப்புக் குழுக்களை அமைத்துக்கொண்டதுதான். 2015இல் ஐ.நா. அமைதிப்பணிகளை மீளாய்ந்த உயர்நிலைக் குழு, குடிமக்களைக் காப்பதில் ஆயுதமற்ற வழிகளே முன்னணியில் இருக்க வேண்டும் என்று எழுதியது.

1938இல் காந்தி எழுதிய அந்தத் தகுதிக்கே துறை சுற்றிவந்து சேர்ந்திருக்கிறது. வெளியார் இனி தேவையில்லை என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. 2019 அக்டோபரில் கௌகாவின் தாக்குவேயோவில் நாசா ஆளுநர் கிறிஸ்தினா பௌதிஸ்தாவும் காவலர்கள் நால்வரும் சுட்டுக் கொல்லப்பட்டனர். சுட்டவர்கள் போதைப்பொருள் வழித்தடத்துக்காகச் சண்டையிட்ட ஆயுதக் குழுவினர். ஊரின் மதிப்போ வெளிநாட்டின் கண்டனமோ அவர்களைக் கட்டுப்படுத்தவில்லை. ஊரறிந்த முகமும் வெளியிலிருந்து பார்க்கும் கண்ணும் ஒன்றையொன்று தாங்க வேண்டிய இடம் இது.

1984இல் யாழ்ப்பாணத் தெருக்களில் நடந்த தாய்மாரில் இன்று உயிரோடிருப்பவர்கள் எண்பதை ஒட்டியவர்கள். எந்த வாசலில் யார் முன்னே நின்றார்கள், எந்த அதிகாரி பதில் சொன்னார், எந்தப் பிள்ளை திரும்பி வந்தான் என்பதெல்லாம் அவர்கள் நினைவில் இருக்கிறது. உங்கள் வீட்டில், உங்கள் ஊரில் அப்படி ஒருவர் இருந்தால், இந்த ஆண்டே அருகில் உட்கார்ந்து கேட்டு எழுதிவையுங்கள்.