முன்னோர் துயிலும் மண்

ஆண்டவர் வாக்களித்த நாட்டில் ஆபிரகாம் முதன்முதலாக விலை கொடுத்து வாங்கிய நிலம் எது? அது வயலும் அன்று, வீட்டு மனையும் அன்று. தம் மனைவி சாராவை அடக்கம் செய்வதற்காக எபிரோனில் நானூறு வெள்ளிக்காசு நிறுத்துக் கொடுத்து வாங்கிய மக்பேலா குகையும் அதைச் சூழ்ந்த நிலமுமே அது. விசுவாசிகளின் தந்தை அந்த நாட்டில் வேரூன்றியது ஒரு கல்லறையின் வழியாகத்தான். யூபிலி கொண்டாடும் நாமும் கோயில் கோபுரத்தை அண்ணாந்து பார்த்து மகிழ்வதோடு, கல்லறைத் தோட்டத்தையும் ஒருமுறை குனிந்து பார்ப்பது நலம்.

இக்காலத்தில் வேலையின் பொருட்டு வளைகுடா நாடுகளிலும் பெரிய நகரங்களிலும் வாழும் நம் பிள்ளைகள் விடுமுறைக்கு ஊர் வரும்போது கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. “எங்கள் குடும்பத்தில் முதன்முதல் வேதத்தில் சேர்ந்தவர் யார்? அவரை எங்கே அடக்கினார்கள்?” இது நல்ல கேள்வி. பாட்டன் பெயரைச் சொல்லத் தெரிந்தவர் பலர். பூட்டன் பெயரைச் சொல்பவர் சிலர். அதற்கு மேல் போனால் பெரியவர்களும் மௌனமாகி விடுகிறார்கள். அந்த மௌனத்தைச் சிறிதாவது கலைக்க முடியுமா என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பெயர் எழுதிக் கொடுத்த குருவானவர்

நம் கடற்கரையின் கிறிஸ்தவ வரலாறு பெயர்களை எழுதுவதில் தொடங்குகிறது என்பதைப் பலர் அறியார். 1544-ஆம் ஆண்டின் இறுதியில் புனித பிரான்சிஸ் சவேரியார் திருவிதாங்கூர்க் கடற்கரையில் ஊர் ஊராக நடந்து முக்குவர் மக்களுக்குத் திருமுழுக்குக் கொடுத்தார். 1545 சனவரி 27 அன்று கொச்சியிலிருந்து உரோமையில் இருந்த தம் சபைச் சகோதரர்களுக்கு எழுதிய கடிதத்தில், ஒரே மாதத்தில் பத்தாயிரம் பேருக்கு மேல் திருமுழுக்குக் கொடுத்ததாகக் குறிப்பிடுகிறார். அதே கடிதத்தில் தாம் கையாண்ட முறையையும் விவரிக்கிறார். மன்றாட்டுகளை மக்களுடைய மொழியில் சொல்லிக் கொடுத்து, திருமுழுக்கு அளித்தபின் ஒவ்வொருவருக்கும் அவரவர் புதுப்பெயரை எழுதிக் கையில் கொடுத்தாராம். பிறகு அவர்களுடைய மனைவியரும் பிள்ளைகளும் வந்தபோதும் அவ்வாறே செய்தாராம்.

எண்ணிப் பாருங்கள். பத்தாயிரம் பெயர்கள்! நம் முன்னோர் அந்த எழுத்துகளை ஓலைக் குடிசைகளுக்குள் எவ்வளவு பத்திரமாக வைத்திருப்பார்கள்! ஆனால் உப்புக் காற்றும் கரையானும் மழையும் எதையும் விட்டு வைப்பதில்லை. எழுதிக் கொடுத்தவரின் கடிதம் ஐரோப்பாவில் காக்கப்பட்டது. எழுதி வாங்கியவர்களின் பெயர்ச்சீட்டு இன்று நம் எந்த வீட்டிலும் இல்லை. எழுதினால் மட்டும் போதாது, எழுதியதைக் காக்கவும் ஓர் ஏற்பாடு வேண்டும் என்பது இதிலிருந்து நமக்குக் கிடைக்கும் முதற்பாடம்.

இரண்டு அடக்கங்கள்

இனி நம் மாவட்டத்திலேயே உள்ள இரண்டு கல்லறைகளைப் பார்ப்போம். நம் பக்கத்து ஊரான குளச்சலில் 1741-ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் மார்த்தாண்டவர்மா மன்னரின் படை டச்சுக் கம்பெனிப் படையைத் தோற்கடித்தது. சிறைப்பட்டவர்களுள் ஒருவரான டி லனாய் என்ற கத்தோலிக்கர் மன்னரின் நம்பிக்கையைப் பெற்றுத் திருவிதாங்கூர்ப் படைக்கே தளபதியானார். 1777 சூன் 1 அன்று அவர் காலமானார். தக்கலைக்கு அருகே புலியூர்க்குறிச்சியில், உதயகிரிக் கோட்டைக்குள் கூரையிழந்து நிற்கும் சிற்றாலயத்தில் அவருடைய கல்லறை இருக்கிறது. அதில் இலத்தீனும் தமிழும் பொறிக்கப்பட்டுள்ளன. வழிப்போக்கனை நின்று போகச் சொல்லித் தொடங்கும் அந்த இலத்தீன் எழுத்தை இரண்டு நூற்றாண்டுகளுக்குப் பின்னும் நாம் வாசிக்க முடிகிறது. கருங்கல்லில் வெட்டிய எழுத்துக்கு அவ்வளவு ஆயுள்!

அந்தத் தளபதியின் வழியாகக் கிறிஸ்துவை அறிந்தவர் நட்டாலத்தில் 1712-இல் பிறந்த நீலகண்டர். 1745-இல் வடக்கன்குளத்தில், மக்கள் பரஞ்சோதி நாதர் என்று அழைத்த சேசு சபைக் குருவானவர் புத்தாரியிடம் திருமுழுக்குப் பெற்றுத் தேவசகாயம் ஆனார். விசுவாசத்தை மறுக்க மாட்டேன் என்றதால் பல சித்திரவதைகளுக்குப் பின் 1752 சனவரி 14 அன்று ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவருக்கு அன்று யாரும் கல்வெட்டு வைக்கவில்லை. உடல் காட்டில் எறியப்பட்டது. சில நாள்களுக்குப் பின் விசுவாசிகள் எஞ்சிய எலும்புகளைத் தேடிப் பொறுக்கிக் கொண்டு வந்து கோட்டாறு சவேரியார் கோயிலில் பீடத்தின் முன் அடக்கம் செய்தார்கள்.

தளபதியின் பெயரைக் கல் காத்தது. வேதசாட்சியின் பெயரைக் காத்தது எது? முதலாவது, அந்த அடக்கத் தலத்தை மறவாமல் தலைமுறை தலைமுறையாக வந்து முழந்தாளிட்ட எளிய மக்கள். இரண்டாவது, எழுத்து. அன்று நம் பகுதிக்கு ஆயராயிருந்த கொச்சி ஆயர் கிளெமென்ஸ் ஜோசப் 1756-இல் உரோமைக்கு அனுப்பிய அறிக்கையில் இந்தச் சாட்சிய மரணத்தை எழுதி வைத்தார். 1780-இல் கேரளத்தைச் சேர்ந்த கரியாட்டி மல்பானும் பாறேம்மாக்கல் கத்தனாரும் அவரைப் புனிதராக உயர்த்த வேண்டி உரோமையில் விண்ணப்பம் கொடுத்தார்கள். 2012 டிசம்பர் 2 அன்று நாகர்கோவிலில் அவர் அருளாளராக அறிவிக்கப்பட்டார். 2022 மே 15 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக உயர்த்தினார். மக்களின் நினைவு மட்டும் இருந்திருந்தால் அது கதை என்று தள்ளப்பட்டிருக்கலாம். ஏடு மட்டும் இருந்திருந்தால் அது யாரும் திறவாத பெட்டியில் கிடந்திருக்கும். கல்லறையும் ஏடும் சேர்ந்தபோதுதான் அவருடைய வரலாறு நிலைத்தது.

அவர் மனைவி ஞானப்பூ அம்மாளையும் நாம் மறக்கலாகாது. சொந்த ஊரில் வாழ முடியாமல் வடக்கன்குளத்தில் வாழ்ந்து அங்கேயே அடக்கமானார். நம் குடும்ப வரலாறுகளில் பெண்களின் பெயர்தான் முதலில் தொலைகிறது. தேடுகிறவர்கள் பாட்டிமாரின் பெயரையும், அவர்கள் பிறந்த ஊரையும் மறவாமல் தேட வேண்டும்.

ஏட்டில் தேடும் முறை

திருமண ஏடு வேண்டுமென்று திரிதெந்தீன் பொதுச்சங்கம் 1563-இல் கட்டளையிட்டது. 1614-இல் வெளிவந்த உரோமைச் சடங்கு நூல் திருமுழுக்கு, உறுதிபூசுதல், திருமணம், ஆன்மக் கணக்கு, இறந்தோர் என ஐந்து ஏடுகளைப் பங்குக் குருக்களுக்கு விதித்தது. ஆயினும் எல்லாப் பங்குகளிலும் அவை தொடர்ச்சியாகக் கிடைப்பதில்லை. 1759-இல் போர்த்துக்கல் அரசு சேசு சபையினரைத் தன் ஆட்சிப் பகுதிகளிலிருந்து வெளியேற்றியது. 1773-இல் அச்சபையே கலைக்கப்பட்டது. 1814-இல்தான் அது மீண்டும் நிறுவப்பட்டது. மேய்ப்பர் குறைந்த அந்த நாள்களில் பல ஊர்களில் உபதேசியார்களே விசுவாசத்தைக் காத்தார்கள். நம் பகுதி முதலில் 1557-இல் அமைந்த கொச்சி மறைமாவட்டத்தையும், பின்பு கொல்லத்தையும் சார்ந்திருந்து, 1930-இல் கோட்டாறு மறைமாவட்டம் பிறந்தது. ஆகவே பழைய தாள்கள் பல ஊர்களில் சிதறியிருக்கும் என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

தேடுவோர் பின்னோக்கி நடக்க வேண்டும். முதலில் பாட்டனின் அடக்க ஏட்டைப் பாருங்கள். அதில் வயது எழுதியிருந்தால் திருமுழுக்கு ஆண்டை ஏறக்குறைய கணிக்கலாம். திருமுழுக்கு ஏட்டில் ஞானத்தந்தை, ஞானத்தாய் பெயர்கள் வரும். அவர்கள் பெரும்பாலும் நெருங்கிய உறவினராதலால், தாய் வழியைக் கண்டுபிடிக்க அவை உதவும். ஒரே தெருவில் மூன்று அந்தோணிகளும் நான்கு மரியாள்களும் இருப்பது நம் ஊர் வழக்கம். எனவே பெயரை மட்டும் நம்பாமல் வீட்டுப் பெயரையும் விளைப் பெயரையும் ஒத்துப் பாருங்கள்.

திருவிதாங்கூர்க் காலத்துத் தாள்களில் கொல்லம் ஆண்டு இருக்கும். அது ஆகஸ்ட் மாத நடுவில் பிறப்பது. சனவரி முதல் ஆகஸ்ட் நடுப்பகுதி வரையுள்ள நாளானால் 825-ஐயும், அதற்குப்பின் டிசம்பர் வரையானால் 824-ஐயும் கூட்டினால் ஆங்கில ஆண்டு கிடைக்கும். தேவசகாயம் மரித்தது கொல்லம் 927. 825-ஐக் கூட்டினால் 1752. நம் மாவட்டம் தமிழகத்தோடு இணைந்தது 1956 நவம்பர் 1 அன்று. அதற்கு முந்திய ஆதாரங்களும் கரம் தீர்த்த ரசீதுகளும் பெரும்பாலும் மலையாளத்தில் இருக்கும். மலையாளம் படித்த பெரியவர்கள் நம்மோடு இருக்கும்போதே அவற்றை வாசித்து எழுதிக் கொள்வது அவசரமான வேலை.

இங்கே ஓர் எச்சரிக்கையும் வேண்டும். முன்னோரைத் தேடுவது குலப்பெருமை பேசுவதற்காக ஆகிவிடக்கூடாது. வடக்கன்குளம் கோயிலுக்குள்ளேயே சாதியைப் பிரித்த சுவர் ஒன்று இருந்தது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் அது இடிக்கப்பட்டது. திருச்சபை நம் வேதசாட்சியைப் புனிதர் என அறிவித்தபோது சாதிப் பட்டத்தை நீக்கித் தேவசகாயம் என்றே அழைத்தது. திருமுழுக்கு ஏட்டில் நமக்குக் கிடைப்பது கடவுளின் பிள்ளை என்னும் பட்டம். அதைவிட உயர்ந்த பட்டம் வேறு இல்லை.

மண்ணைக் காக்கும் கடமை

1909-இல் சோம்பர்க் என்ற ஜெர்மானியர், ஐரோப்பாவுக்குச் சென்ற கயிற்றில் ஒட்டியிருந்த மணலைச் சோதித்து மோனசைட் இருப்பதைக் கண்டார். அது மணவாளக்குறிச்சி மணல். அன்று முதல் நம் மண்ணுக்கு விலை உண்டென்று உலகம் அறிந்தது. ஆனால் இம்மண்ணின் விலையேறப்பெற்ற பகுதி, உயிர்த்தெழுதலை எதிர்நோக்கி நம் தாய் தந்தையர் துயிலும் பகுதியே.

அடக்கம் முடிந்ததும் இறந்தோர் ஏட்டில் எழுத வேண்டும் என்றும், கல்லறைகளின் புனிதத் தன்மையைக் காக்க ஒழுங்குமுறை வேண்டும் என்றும் 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம் கூறுகிறது. நம் தோட்டங்களோ சிறியவை. ஒரு குழியில் சில ஆண்டுகளுக்குப் பின் வேறொருவரை அடக்க நேரிடுகிறது. வசதி உள்ளவர்கள் எல்லாரும் சிமெண்டுக் கல்லறை கட்டி நிரந்தரமாக இடம் பிடித்தால், நாளை மரிக்கும் ஏழைக்கு ஆறடி மண் எங்கே? பெயர் நிலைக்க வேண்டுமானால் நிலத்தை அடைக்க வேண்டியதில்லை. மதிற்சுவரில் சிறு பெயர்ப்பலகை பதிக்கலாம்; ஏட்டில் தெளிவாக எழுதலாம். ஆண்டவர் முன்னிலையில் இரண்டும் ஒரே மதிப்புடையவை. இது சிலருக்குக் கசக்கலாம். ஆயினும் யூபிலி ஆண்டில் இதைப் பேசாமல் பின் எப்போது பேசுவது?

பழைய கல்லறைகளைப் பராமரிப்பதிலும் அறிவு வேண்டும். வெட்டுக்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு கட்டியவற்றின்மேல் சிமெண்டு பூசினால் உப்பும் ஈரமும் உள்ளே தங்கிக் கல்லை அரிக்கும்; சுண்ணாம்புச் சாந்தே அதற்கு ஏற்றது. கல்லறைத் திருநாளுக்கு வெள்ளையடிக்கும்போது எழுத்தின்மேல் பூசாதீர்கள். ஆண்டுதோறும் பூசினால் எழுத்துக் குழிகள் தூர்ந்து போகும். ஆசிட்டும் கம்பித் தூரிகையும் வேண்டாம். தண்ணீரும் தும்பும் போதும். ஆலோ அரசோ முளைத்திருந்தால் பிடுங்கி இழுக்காமல் அடியில் வெட்டி விடுங்கள். இழுத்தால் கல்லும் உடன் வரும். தேய்ந்த எழுத்தை வாசிக்கக் காலை வெயில் சாய்வாக விழும் நேரத்தில் படம் எடுங்கள். எழுத்துப் பிழை இருந்தாலும் திருத்தாமல் உள்ளபடியே எழுதிக் கொள்ளுங்கள்.

இதற்காக அன்பியங்களின் முன் மூன்று வேலைகளை வைக்கிறோம். ஒன்று, கல்லறைத் தோட்டத்தின் வரைபடம் வரைந்து ஒவ்வொரு கல்லறைக்கும் எண் இடுவது. இரண்டு, எண்பது வயதைக் கடந்த பெரியவர்களிடம் அமர்ந்து எந்த மேட்டில் யார் அடக்கமானார் என்று கேட்டு எழுதுவது. மூன்று, இறந்தோர் ஏட்டைப் படியெடுத்து மற்றோர் இடத்திலும் பத்திரப்படுத்துவது. முதலிரண்டையும் இளைஞர்கள் செய்யலாம்; மூன்றாவதைப் பங்கு அலுவலகம் செய்ய வேண்டும்.

2004 டிசம்பர் 26 அன்று கடல் பொங்கி வந்தபோது குளச்சல், கொட்டில்பாடு, மணக்குடி முதலிய ஊர்களில் நம் சகோதர சகோதரிகளைத் தனித்தனியே அடக்கம் செய்யவும் நேரமின்றிப் பொதுக்குழிகளில் ஒன்றாக அடக்கினார்கள். ஆண்டுதோறும் அந்நாளில் அங்கே மெழுகுதிரிகள் எரிகின்றன. குழி பொதுவானாலும் கண்ணீர் ஒவ்வொரு பெயரையும் தனித்தனியே சொல்லுகிறது. நினைவு என்றால் என்ன என்பதை நம் கடற்கரை அன்னையர் நமக்குக் கற்றுக் கொடுத்துவிட்டார்கள்.

முன்னோர்களைப் புகழும் சீராக் ஆகமம், பெயர் விட்டுச் சென்றவர்களைச் சொல்லிவிட்டு, நினைப்பார் இன்றி மறைந்தவர்களையும் சொல்லுகிறது. நம் ஊரில் முதன்முதல் வேதத்தில் சேர்ந்தவர் பெரும்பாலும் அந்த இரண்டாம் வகையினரே. அவர் பெயர் நமக்குக் கிடைக்காமலே போகலாம். ஆயினும் அவர் சொல்லிக் கொடுத்த செபத்தைத்தான் நாம் இன்று சொல்லுகிறோம். வரும் நவம்பர் 2 அன்று உங்கள் குடும்பத்தார் கல்லறையில் ஒரு திரி ஏற்றும்போது, அருகே கவனிப்பாரற்றுக் கிடக்கும் ஒரு மேட்டிலும் ஒரு திரி ஏற்றுங்கள். அது உங்கள் பூட்டனுடையதாகவும் இருக்கக்கூடும்.

அவர்கள் அனைவருக்கும் ஆண்டவர் நித்திய இளைப்பாறுதலை அருள்வாராக.