எம்82-இலிருந்து புறப்பட்ட கதிர்

ஏப்ரலில் மூடுபனி விலகிய இரவாகப் பார்த்து, ஒன்பது மணிக்கு மேல் நீலகிரியின் வெலிங்டனில் வடக்கு நோக்கி நில்லுங்கள். சப்தரிஷி மண்டலத்தை ஒட்டி, அடிவானத்துக்குச் சுமார் முப்பது டிகிரி மேலே எம்82 என்ற விண்மீன் திரள் இருக்கிறது. வெறுங்கண்ணுக்குத் தெரியாது, நல்ல பைனாகுலரில் மங்கலான ஒரு கீற்று. அதற்குள் எக்ஸ்-1 என்றொரு புள்ளி. பக்கத்து விண்மீனின் வாயு அங்கே ஒரு கருந்துளையைச் சுற்றிச் சுழன்று, உரசி, பல பத்து லட்சம் டிகிரி சூடேறி எக்ஸ் கதிராகக் கொட்டுகிறது.

அந்தக் கதிர் நம்மை எட்ட ஒரு கோடியே இருபது லட்சம் ஆண்டுகள். வில்லங்கமெல்லாம் கடைசி நூறு கிலோமீட்டரில்தான். காற்று அதை விழுங்கிவிடும். தொட்டபெட்டா சிகரத்தின் 2,637 மீட்டர் உயரமெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. ஆகவே வானத்திலேயே வழிமறிக்க வேண்டும். 1995 டிசம்பரில் அமெரிக்கா ஏவிய ரோசி செயற்கைக்கோளில் செனான் வாயு அடைத்த பெட்டிகள் இருந்தன. கதிர் வாயுவில் மோதி எலக்ட்ரான்களை உதறும். அவை மெல்லிய கம்பியை நோக்கிப் பாய்ந்து, போகிற வழியில் பெருகி, ஒரு மின்துடிப்பாகும். அத்தோடு கதிர் காலி. மிஞ்சுவது நேரக்குறிப்பும் துடிப்பின் அளவும் மட்டும்.

இந்த வித்தை நீலகிரிக்குப் புதிதல்ல. ஊட்டியின் கிரேப்ஸ்-3 ஆய்வகத்தில் ஆறு மீட்டர் நீள இரும்புக் குழாய்கள், உள்ளே வாயு, நடுவே கம்பி என்று ஆயிரக்கணக்கில் அடுக்கி வைத்திருக்கிறார்கள். அங்கே பிடிபடுவது மியூவான் என்ற துகள். அதற்குக் காற்றும் தடையில்லை, கான்கிரீட்டும் தடையில்லை.

ரோசி பல ஆண்டுகள் சேர்த்த குறிப்புகளை வானியலாளர் தீரஜ் பாஷமும் சகாக்களும் சலித்தெடுத்து 2014-இல் நேச்சர் இதழில் எழுதினார்கள். எக்ஸ்-1-இன் ஒளியில் இரண்டு துடிப்புகள்: நொடிக்கு 3.3, 5.1. ஏறக்குறைய இரண்டுக்கு மூன்று. நம் பால்வெளியின் சிறு கருந்துளைகள் சிலவற்றிலும் இதே விகிதம் உண்டு, ஆனால் நொடிக்கு நூற்றுக்கணக்கில். கருந்துளை பெருக்கப் பெருக்கத் தாளம் தளரும் என்ற கணக்கின்படி இதன் எடை சுமார் நானூறு சூரியன்கள். விண்மீன் செத்துப் பிறக்கும் சிறுசும் அல்ல, திரளின் நடுவே உட்கார்ந்திருக்கும் பூதமும் அல்ல, இடைநிறைக் கருந்துளை.

அதே ஆண்டில் ஒரு குட்டும் விழுந்தது. பக்கத்திலேயே பளிச்சென்று எரியும் எக்ஸ்-2-வையும் கருந்துளை என்றே நினைத்திருந்தார்கள். நூஸ்டார் தொலைநோக்கி பார்த்தபோது அது 1.37 நொடிக்கொரு முறை துடித்தது; நியூட்ரான் விண்மீன்! ஆக, பிரகாசத்தை மட்டும் வைத்து எடை போட முடியாது. தாளத்தை நான் கூடுதலாக நம்புவேன். ஆனால் ரோசிக்கு இந்த இரண்டு அண்டைவீட்டாரையும் பிரித்துப் பார்க்கத் தெரியாது. நம் வானியற்பியலாளர் சந்திரசேகரின் பெயர் தாங்கிய சந்திரா தொலைநோக்கிக்குத் தெரியும். என்ன செய்ய, அதன் கேமரா வழக்கமாக 3.2 நொடிக்கு ஒரு படம்தான் எடுக்கிறது.