துப்புத் துலக்கிய பேனாக்கள்: தமிழ்க் குற்றக்கதை எழுத்தாளர்களின் நூற்றாண்டு

தமிழில் துப்பறியும் கதையின் வரலாறு 1894இல் தொடங்குகிறது. அந்த ஆண்டு பண்டித நடேச சாஸ்திரி ‘தானவன்’ என்ற போலீஸ் துப்பறிவாளனின் கதைகளை வெளியிட்டார். இங்கிலாந்தில் ஷெர்லக் ஹோம்ஸ் அச்சேறி அப்போது ஏழு ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. தமிழின் முதல் நாவலான ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ வெளிவந்து பதினைந்து ஆண்டுகள். தமிழ் நாவல் நடைபழகிய பருவத்திலேயே கொலையும் களவும் புலன்விசாரணையும் அதற்குள் வந்துவிட்டன.

நடேச சாஸ்திரிக்கு முன்மாதிரியாக இருந்தவை டிக் டானவன் என்ற பெயரில் ஆங்கிலத்தில் வந்துகொண்டிருந்த போலீஸ் கதைகள். ஆனால் அவருடைய பிழைப்பு தொல்லியல் துறையில் இருந்தது. கல்வெட்டுகளைப் படித்தவர், தென்னிந்திய நாட்டுப்புறக் கதைகளைத் தொகுத்து ஆங்கிலத்தில் தந்தவர். சிதைந்த எழுத்துகளை வைத்து விடுபட்டதை ஊகிக்கும் வேலையில் இருந்தவர் துப்பறியும் கதைக்கு வந்ததில் வியப்பில்லை. தமிழ்க் குற்றக்கதை எழுத்தாளர்களின் வாழ்க்கையை வரிசையாகப் பார்த்தால் இது திரும்பத் திரும்பத் தென்படும். குற்றத்தை நேரில் கண்டவர்கள் அவர்களில் குறைவு. வேறு ஒரு தொழிலில் கற்ற பார்வையைக் கதைக்குக் கொண்டுவந்தவர்களே அதிகம். ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ எழுதிய வேதநாயகம் பிள்ளையே மாயூரத்தில் முன்சீப்பாக இருந்தவர்தான்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தத் தொழிலின் மூலப்பொருள் ஆங்கில நாவல்களே. இங்கிலாந்தில் டிக்கன்ஸின் நிழலில் மறைந்துபோன ஜி. டபிள்யூ. எம். ரெனால்ட்ஸ் இந்தியாவில் பெரும் வாசகக் கூட்டத்தைப் பெற்றிருந்தார். ‘ஆனந்தபோதினி’ இதழின் ஆசிரியராக இருந்த ஆரணி குப்புசாமி முதலியார் ரெனால்ட்ஸையும் கானன் டாயிலையும் தமிழ் ஊர்களுக்கும் தமிழ்ப் பெயர்களுக்கும் மாற்றி, நாவல் நாவலாக எழுதிக் குவித்தார். தழுவலைத் தாழ்வாகக் கருதாத காலம் அது. தனித்தமிழ் இயக்கத்தின் தலைவராக அறியப்படும் மறைமலையடிகளும் ரெனால்ட்ஸின் நாவல் ஒன்றைத் தழுவி ‘குமுதவல்லி அல்லது நாகநாட்டரசி’ எழுதினார். அது 1911இல் வெளிவந்தது. பிற்காலத்தில் குற்றக்கதை என்றாலே முகம் சுளித்த இலக்கிய உலகம், தன் முன்னோர்களில் ஒருவர் இதே ஊற்றில் நீர் மொண்டவர் என்பதை நினைவில் வைத்திருக்கவில்லை.

தழுவலில் இருந்து தமிழ் மண்ணுக்கு வந்து சேர்ந்தவர்களில் முக்கியமானவர் ஜே. ஆர். ரங்கராஜு. 1908இல் வந்த ‘இராஜாம்பாள்’ நாவலும் துப்பறியும் கோவிந்தன் என்ற பாத்திரமும் அவரைத் தமிழகம் முழுவதும் அறியச் செய்தன. அவருடைய கதைகளில் கொலை என்பது ஒரு வாசல். அதன் வழியே உள்ளே போனால் கட்டாயக் கல்யாணம், வரதட்சிணை, மடத்து ஊழல், ஜமீன்தாரின் அட்டூழியம் எல்லாம் வரும். ‘சந்திரகாந்தா’ 1936இல் படமானபோதும் மக்களை ஈர்த்தது போலி மடாதிபதியின் முகத்திரை கிழிந்த காட்சிகளே. ‘இராஜாம்பாள்’ இருமுறை திரைக்கு வந்தது. 1951இல் வந்த படத்தில்தான் ஆர். எஸ். மனோகர் அறிமுகமானார்.

வடுவூர் கே. துரைசாமி ஐயங்கார் (1880–1942) எழுத்தை முழுநேரப் பிழைப்பாக ஏற்ற முன்னோடி. தஞ்சைப் பகுதியில் தாசில்தாராக இருந்தவர், அந்த உத்தியோகத்தை விட்டுவிட்டு நாவல் எழுத வந்தார். அக்காலத்தில் சர்க்கார் உத்தியோகத்தை உதறிவிட்டுக் கதை எழுதுவது என்பதை இன்று கற்பனை செய்வதே கடினம். ‘மனோரஞ்சனி’ என்ற மாத இதழைத் தாமே நடத்தினார். எழுதுவது, அச்சிடுவது, விற்பது மூன்றையும் ஒரே கையில் வைத்துக்கொண்டார். பதிப்பாளரிடம் கைகட்டி நிற்காத எழுத்தாளர் என்ற வகையில் அவருக்குத் தமிழ்ப் பத்திரிகை வரலாற்றில் தனி இடம் உண்டு. அவருடைய துப்பறிவாளர் திகம்பர சாமியார், மாறுவேடத்தில் வல்லவர். தாசில்தார் கச்சேரியில் வருகிற மனுக்கள், நிலத் தகராறுகள், பொய்ப் பத்திரங்கள், கும்பகோணத்து வக்கீல்களின் சாமர்த்தியம் ஆகியவற்றை அறிந்த ஒருவரால்தான் அந்தக் கதைகளை அப்படி எழுத முடியும். 1950இல் மாடர்ன் தியேட்டர்ஸ் ‘திகம்பர சாமியார்’ படத்தை எடுத்தபோது, பல வேடங்களில் தோன்றிய எம். என். நம்பியாருக்கு அது பெரும் பேர் வாங்கித் தந்தது. வடுவூராரின் ‘மேனகா’ அதற்கு முன்பே டி.கே.எஸ். சகோதரர்களின் நாடகமாகி, 1935இல் திரைப்படமும் ஆகியிருந்தது. அந்தப் படத்தில் நடித்தவர்களில் ஒருவர் என். எஸ். கிருஷ்ணன்.

ஆண்கள் மட்டுமே இருந்த இந்தத் தொழிலுக்குத் திருவல்லிக்கேணியில் இருந்து வந்தவர் வை. மு. கோதைநாயகி அம்மாள் (1901–1960). பள்ளிக்கூடத்துப் படிப்பு அவருக்கு வாய்க்கவில்லை. 1925இல் ‘ஜகன்மோகினி’ இதழை வாங்கி நடத்தத் தொடங்கி, நூற்றுக்கும் மேற்பட்ட நாவல்களை எழுதினார். மர்மமும் துப்பும் அவற்றில் பலவற்றின் ஓட்டத்தைத் தாங்கின. விடுதலைப் போராட்டத்தில் சிறை சென்றவர் என்பதால், சிறையைப் பற்றி எழுதும்போது அவருக்குக் கேள்வி ஞானம் தேவைப்படவில்லை.

1940களில் குற்றக்கதை எழுதியவர்களுக்குச் செய்தித்தாள் பெரிய போட்டியாளர் ஆயிற்று. 1944 நவம்பரில் சென்னை வேப்பேரியில் பத்திரிகையாளர் லட்சுமிகாந்தன் குத்தப்பட்டு இறந்தார். அந்த வழக்கில் எம். கே. தியாகராஜ பாகவதரும், ‘மேனகா’வில் நடித்த அதே என். எஸ். கிருஷ்ணனும் கைதானார்கள். ஆயுள் தண்டனை பெற்று, லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், 1947இல் விடுதலையானார்கள். ஒரு துப்பறியும் படத்தின் நடிகர், தமிழகம் கண்ட மிகப் பெரிய கொலை வழக்கில் கூண்டில் நின்றதை எந்த நாவலாசிரியரும் கற்பனை செய்திருக்க மாட்டார்.

1952இல் வந்த ஆளவந்தார் வழக்கு இன்னும் நேரடியாகக் குற்றக்கதையைத் தொட்டது. ஆகஸ்ட் மாத இறுதியில் சென்னை வியாபாரி ஆளவந்தார் காணாமல் போனார். எழும்பூரில் புறப்பட்டு, தாம்பரம் வழியாகத் தெற்கே ஓடிய போட் மெயில் ரயிலில் ஒரு டிரங்குப் பெட்டி துர்நாற்றம் வீசியது. மானாமதுரையில் திறந்தபோது உள்ளே தலையில்லா உடல் இருந்தது. தலை ராயபுரம் கடற்கரை மணலில் கிடைத்தது. இறந்தவர் முன்பு ராணுவத்தில் இருந்தவர் என்பதால், அங்கே பதிவாகியிருந்த கைரேகையை வைத்து அடையாளம் உறுதியானது. தடயவியல் மருத்துவம் ஒரு வழக்கை எப்படித் தாங்கி நிற்கும் என்பதைத் தமிழ்ப் பொதுமக்கள் நாள்தோறும் பத்திரிகையில் படித்துத் தெரிந்துகொண்டது இந்த வழக்கில்தான். குற்றம்சாட்டப்பட்ட தம்பதியரில் கணவனுக்கு ஏழு ஆண்டும் மனைவிக்கு மூன்று ஆண்டும் சிறை விதித்த நீதிபதி ஏ. எஸ். பி. ஐயர், ஆங்கிலத்தில் கதைகளும் நாடகங்களும் எழுதியவர். இந்த வழக்குக்குப் பிறகு வாசகர் எளிதில் ஏமாறவில்லை. மாறுவேடமும் ரகசியச் சுரங்கமும் போதாமல் போயின. பிணப் பரிசோதனை, ரயில் நேரம், சாட்சியின் முரண் ஆகியவை வேண்டியிருந்தன.

மாற்றம் உடனே வந்துவிடவில்லை. அந்தக் காலகட்டத்தில் இரண்டு பேர் இரண்டு வேறு வழியில் போனார்கள். ஆனந்த விகடனில் பணிபுரிந்த தேவன் (1913–1957), வங்கிக் குமாஸ்தாவாக இருந்து அதிர்ஷ்டத்தால் துப்புத் துலக்கும் சாம்புவைப் படைத்தார். மேதைத் துப்பறிவாளனின் இடத்தில் நம் தெருவில் நடமாடும் ஒரு மனிதரை உட்காரவைத்தது அவருடைய சாதனை. கோபுலுவின் கோடுகள் சாம்புவின் மூக்கை மறக்க முடியாததாக்கின. தேவகோட்டையில் 1926இல் பிறந்த தமிழ்வாணனோ ‘கல்கண்டு’ இதழில் சங்கர்லாலை உருவாக்கினார். தேநீர் பருகியபடி சிந்திக்கும் சங்கர்லால், மாது, வகாப், கத்தரிக்காய், மனைவி இந்திரா என ஒரு குடும்பமே வாசகருக்குப் பழக்கமானது. சங்கர்லால் டோக்கியோவுக்கும் ஜெனீவாவுக்கும் போனார். போன இடமெல்லாம் கலப்பில்லாத தமிழ் பேசினார். தொப்பியும் கறுப்புக் கண்ணாடியுமாகத் தமிழ்வாணனே ஒரு பாத்திரம்போல ஆகிவிட்டார். பள்ளிப் பிள்ளைகளைப் படிக்கவைத்த அந்த எளிய, நல்ல தமிழுக்கு உரிய மதிப்பு இன்னும் கிடைக்கவில்லை.

குற்றக்கதையின் மொழியை அடியோடு மாற்றியவர் சுஜாதா. பொறியாளரான எஸ். ரங்கராஜன், பெங்களூரில் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் வேலை பார்த்துக்கொண்டே எழுதினார். 1968இல் குமுதத்தில் வந்த ‘நைலான் கயிறு’ தொடரில் வக்கீல் கணேஷ் அறிமுகமானார். பின்னர் வசந்த் வந்து சேர்ந்தான். இருவரும் போலீஸ்காரர்கள் அல்லர், வக்கீல்கள். ஆகவே கதை ‘யார் கொன்றது’ என்பதோடு நிற்காமல், ‘எதை நிரூபிக்க முடியும்’ என்ற கேள்விக்குப் போயிற்று. வாக்கியம் சுருங்கியது, உரையாடல் வேகமெடுத்தது. ஒரு சோதனைக்கூடத்து மனம், ஜெயராஜின் ஓவியங்களோடு, வாரந்தோறும் வீட்டுக்கு வந்தது.

1980களில் இது ஒரு பெருந்தொழில் ஆயிற்று. மாதத்துக்கு ஒரு முழு நாவல் என்ற கணக்கில் மாலைமதி, பாக்கெட் நாவல், க்ரைம் நாவல் போன்ற வெளியீடுகள் வந்தன. பதிப்பாளர் ஜி. அசோகன் இந்தச் சந்தையை வளர்த்ததில் பெரும் பங்கு வகித்தார். கோவையைச் சேர்ந்த ராஜேஷ்குமார் 1969இல் சிறுகதையோடு தொடங்கியவர். அவருடைய நாவல்களின் எண்ணிக்கை 1500ஐத் தாண்டிவிட்டது. தொடர்பில்லாத இரண்டு கதைகளை அத்தியாயம் மாற்றி அத்தியாயம் நடத்தி இறுதியில் ஒன்றுசேர்ப்பது அவருடைய உத்தி. அதில் விவேக்கும் ரூபலாவும் வந்து போவார்கள். பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத்–சுசீலா, சுபா என்ற பெயரில் சேர்ந்து எழுதும் சுரேஷ்–பாலகிருஷ்ணனின் நரேந்திரன்–வைஜயந்தி ஆகியோர் தனியார் துப்பறியும் நிறுவனங்களில் வேலை செய்தவர்கள். இந்திரா சௌந்தர்ராஜன் (1958–2024) கோயிலையும் சித்தரையும் மர்மத்தோடு பிணைத்தார். இந்த எழுத்தாளர்களின் வாழ்க்கையை நிர்ணயித்தது உத்வேகத்தைவிடக் கெடு தேதிதான். அட்டைப்படம் முதலில் அச்சாகும், தலைப்பு முன்கூட்டியே அறிவிக்கப்படும், கதை பிறகு வரும். இந்த நெருக்கடியில் எழுதியவை எல்லாமே தேறும் என்று சொல்ல முடியாது. ஆனாலும் ஒரு மொழியின் வாசிப்புப் பழக்கத்தை மாதந்தோறும் காப்பாற்றுவது சாதாரண உழைப்பல்ல.

அந்த உழைப்பின் வாசகர்கள் ரயிலிலும் பேருந்திலும் இருந்தார்கள். 1931இல் மின்மயமான சென்னைக் கடற்கரை–தாம்பரம் பாதையில் குரோம்பேட்டை, பல்லாவரம், தாம்பரம் என்று குடும்பங்கள் பெருகி, அலுவலகம் செல்வோர் தினமும் வண்டியில் உட்கார்ந்தார்கள். நிலையத்துப் புத்தகக் கடையிலும் பெட்டிக்கடையிலும் வாங்கிய மெல்லிய நாவல், போகும்போது பாதியும் வரும்போது மீதியுமாக முடிந்துவிடும். வீட்டில் மனைவியோ தங்கையோ அதற்காகக் காத்திருப்பார்கள். அதன்பிறகு வாடகை நூல்நிலையத்துக்கோ பழைய பேப்பர் கடைக்கோ போகும்.

தொலைக்காட்சித் தொடரும் பின்னர் கைப்பேசியும் இந்த வாசகரை எடுத்துக்கொண்டன. எழுத்தாளர்கள் சிலர் திரைக்கு நகர்ந்தார்கள்: சுபா கே. வி. ஆனந்தின் ‘அயன்’, ‘கோ’ படங்களில் பணிபுரிந்தனர். ராஜேஷ்குமாரின் நாவல் 2017இல் ‘குற்றம் 23’ ஆயிற்று. 2008இல் சென்னையின் பிளாஃப்ட் பதிப்பகம், பிரீதம் சக்கரவர்த்தியின் மொழிபெயர்ப்பில் தமிழ் வெகுஜனக் கதைகளை ஆங்கிலத்தில் தொகுத்தது. ஆங்கிலத்தில் இருந்து இரவல் வாங்கித் தொடங்கிய வகை, நூறாண்டு கழித்து ஆங்கிலத்துக்குத் தன் சொந்தச் சரக்கை அனுப்பியது.

இன்று எழுதத் தொடங்கும் ஒருவருக்குக் களம் தெற்கே நகர்ந்திருக்கிறது. பழைய மகாபலிபுரம் சாலையில், பக்கிங்ஹாம் கால்வாய்க்கு மேற்கே இருக்கும் நாவலூர், முன்பு ஏரியும் வயலும் சூழ்ந்த கிராமம். சிறுசேரி மென்பொருள் பூங்கா பக்கத்தில் வந்த பிறகு, இரவுப் பணி முடித்துத் திரும்பும் இளைஞர்களும், பெயர் தெரியாத அண்டை வீட்டாரும் வாழும் அடுக்குமாடிகளின் ஊராகிவிட்டது. கிராமத்தில் புதியவர் ஒருவர் வந்தால் டீக்கடைக்கே தெரியும். வடுவூராரின் கதைகள் அந்த அறிமுகத்தை நம்பி நடந்தவை. ஆயிரம் பேர் வாழும் வளாகத்தில் அது கிடையாது. அங்கே சாட்சி சொல்வது வாசல் கேமராவும், கைப்பேசிக் கோபுரப் பதிவும், காவலாளியின் வருகைப் பேரேடும்தான். எவர் கண்ணிலும் படாமல் ஒருவர் மறைவது எளிது, தடயம் விடாமல் மறைவது கடினம்.

விசாரிக்கும் அதிகாரமும் மாறிவிட்டது. சென்னையின் இந்தத் தெற்குப் பகுதிக்கு 2022 ஜனவரி முதல் தாம்பரம் தனி மாநகரக் காவல் ஆணையரகம். சட்டப்பிரிவுகளின் எண்களும் மாறின. ரங்கராஜு காலம் தொட்டுத் தமிழ் நாவல்களிலும் படங்களிலும் ஒலித்த இந்திய தண்டனைச் சட்டத்தின் 302ஆம் பிரிவு, 2024 ஜூலை 1 முதல் புதிய குற்றங்களுக்குப் பொருந்தாது. கொலைக்கான தண்டனை இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 103ஆம் பிரிவில் இருக்கிறது. ஏமாற்றுக்காரனைக் குறிக்கும் வசவாகவே ஆகிப்போன 420, அதில் 318ஆம் பிரிவுக்குள் வந்துவிட்டது. இன்றைய எழுத்தாளரின் இன்ஸ்பெக்டர் முதல் தகவல் அறிக்கையில் இந்தப் புதிய எண்களைத்தான் எழுத வேண்டும்.