வேலை செய்யும் பிள்ளைக்கு எதற்கு விளையாட்டு?

நான் படித்த பள்ளியில் விளையாட்டு நேரம் வந்தால் எங்கள் தெருப் பிள்ளைகளைத் தண்ணீர் தூக்கவும் மைதானம் பெருக்கவும் அனுப்பிவிடுவார்கள். கேட்டால் பதில் தயாராக இருக்கும்: "வேலை செய்ற உடம்புக்குத் தனியா என்னடா எக்சர்சைஸ்?" உழைப்பும் விளையாட்டும் வளரும் உடலுக்கு ஒன்றுதானா? இந்தக் கேள்விக்கு வயது இருநூறு. மாணவத் தோழர்கள் அதன் வரலாற்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

1833-இல் இங்கிலாந்தின் ஆலைக் குழந்தைகளைப் பற்றி விசாரிக்க ஓர் ஆணையம் அமைந்தது. மான்செஸ்டர், ஸ்டாக்போர்ட் நகரங்களில் ஞாயிறு பள்ளிக்கு வந்த பிள்ளைகளின் உயரத்தையும் எடையையும் அளந்தார்கள். ஆலையில் உழைப்பவர்கள் ஒரு வரிசை, உழைக்காதவர்கள் மறு வரிசை. இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. முதலாளிகளுக்கு இதைவிட வசதியான முடிவு கிடைக்குமா?

ஆனால் யாரை யாரோடு ஒப்பிட்டார்கள் என்று பாருங்கள். ஒரே ஊரின் ஏழைப் பிள்ளையை இன்னொரு ஏழைப் பிள்ளையோடு! ஆலையில் உழைத்த 18 வயதுப் பையன்களின் சராசரி உயரம் சுமார் 160 செ.மீ.தான். இன்றைய பிரிட்டிஷ் இளைஞர்கள் அவர்களைவிட ஏறக்குறைய ஒரு சாண் உயரம். இடைப்பட்ட காலம் இருநூறு ஆண்டுகூட இல்லை. ஒரு மக்கள்கூட்டத்தின் மரபணுக்கள் இவ்வளவு மாற அது போதாது. மாறியது சோறும் ஓய்வும் நோயும்தான்.

அதே ஆண்டு வந்த தொழிற்சாலைச் சட்டம் துணி ஆலைகளில் 9 வயதுக்குக் குறைந்தவர்களை வேலைக்கு வைப்பதைத் தடுத்தது. 13 வயது வரை ஒரு நாளைக்கு 9 மணி நேரம், 18 வரை 12 மணி நேரம் என்று வரம்பு வைத்தது. ஆனால் அரசுப் பிறப்புப் பதிவு தொடங்கியதே 1837-இல்தான். வயதை எப்படித் தெரிந்துகொள்வது? மருத்துவர் பிள்ளையின் தோற்றத்தைப் பார்த்துச் சான்று எழுதினார். எட்வின் சாண்டர்ஸ் என்ற பல் மருத்துவர் 1837-இல், உயரத்தை நம்பாதீர்கள், பல்லை எண்ணுங்கள் என்று ஒரு சிறு நூலே வெளியிட்டார். பசித்த பிள்ளையின் உயரம் அதன் வயதைச் சொல்லாது என்பது அப்போதே தெரிந்திருக்கிறது. (மாட்டுச் சந்தை நினைவுக்கு வந்தால் என்னைக் குறை சொல்லாதீர்கள்.)

உள்ளே என்ன நடக்கிறது என்பது புரிய இன்னும் ஒன்றரை நூற்றாண்டு ஆனது. பருவ வயதில் மூளையின் ஹைபோதலாமஸ் விட்டுவிட்டு ஒரு சமிக்ஞை அனுப்புகிறது. அதைக் கேட்டு பிட்யூட்டரி சுரக்கிறது. அதன் பிறகே சூலகமும் விந்தகமும் விழிக்கின்றன. 1981-இல் ரோஸ் ஃபிரிஷ் என்ற அமெரிக்க அறிவியலாளர் கல்லூரி நீச்சல், ஓட்ட வீராங்கனைகளை ஆராய்ந்தார். பூப்படைவதற்கு முன்பே கடும் பயிற்சி தொடங்கியவர்கள் சராசரியாக 15 வயதிலும், பின்னால் தொடங்கியவர்கள் 13-ஐ ஒட்டியும் பூப்படைந்திருந்தார்கள். உடனே பழி பயிற்சியின் மேல் விழுந்தது. பெண்பிள்ளைகளை ஓடவிடாதே என்று சொல்பவர்களுக்கு அது போதுமே!

அந்தப் பழியைத் துடைத்தது 1998-இல் வெளிவந்த ஆன் லவுக்ஸ் குழுவின் ஆய்வு. இளம் பெண்களை உடற்பயிற்சி செய்யவைத்து, உணவின் அளவை மட்டும் மாற்றிப் பார்த்தார்கள். செலவான ஆற்றலுக்கு ஈடாகச் சாப்பிட்டபோது ஹார்மோன் துடிப்பு கெடவில்லை. சாப்பாடு குறைந்தபோது தளர்ந்தது. உடலைத் தடுத்தது அசைவல்ல, அந்த அசைவுக்கு ஈடு செய்யப்படாத பசி. மான்செஸ்டரில் அளந்தவர்கள் கேட்காமல் விட்ட கேள்வி இதுதான்.

அடுத்து எபிஜெனெடிக்ஸ். மரபணுவின் எழுத்து மாறாமல், அது எவ்வளவு வேலை செய்ய வேண்டும் என்பதை மாற்றும் வேதிக் குறிகள் பற்றிய துறை இது. 1944-45 குளிர்காலத்தில் நாஜிகள் ஏற்படுத்திய பஞ்சத்தின்போது கருவான நெதர்லாந்துக் குழந்தைகளுக்கு, வளர்ச்சியோடு தொடர்புடைய ஐஜிஎஃப்2 மரபணுவில் இந்தக் குறிகள், பஞ்சத்தில் சிக்காத உடன்பிறப்புகளைவிடக் குறைவாக இருந்ததை 2008-இல் கண்டார்கள். அறுபது ஆண்டு கடந்தும் தடம் அழியவில்லை.

இதைப் படித்துவிட்டு நம் தோழர்கள் சிலர், "ஒடுக்குமுறை நம் மரபணுவிலேயே எழுதப்பட்டிருக்கிறது" என்று மேடையில் பேசுகிறார்கள். கோபம் எனக்கும் உண்டு. ஆனால் அந்த ஆய்வு சொன்னது கருவில் நேரடியாகப் பசியைச் சந்தித்தவர்களைப் பற்றி. தலைமுறை தலைமுறையாக இறங்கும் விதியைப் பற்றி அல்ல. பிறப்பால் உடல் தாழ்ந்தது என்பதைத்தானே நாம் எதிர்க்கிறோம்? அதையே ஆய்வகச் சொல்லில் நாமே ஏன் திரும்பச் சொல்ல வேண்டும்?

குறிகள் மாறக்கூடியவையும்கூட. 2014-இல் ஸ்டாக்ஹோம் கரோலின்ஸ்கா நிறுவனத்தில் 23 இளைஞர்களை மூன்று மாதம் ஒற்றைக் காலால் மட்டும் மிதிக்கவைத்தார்கள். வாரம் நான்கு முறை, முக்கால் மணி நேரம். சாப்பாடும் தூக்கமும் இரண்டு காலுக்கும் பொது, பிறப்பும் பொது. மிதித்த காலின் தசையில் மட்டும் ஏறக்குறைய 5,000 இடங்களில் மெத்தில் குறிகள் மாறியிருந்தன. அவர்கள் வயது வந்தவர்கள், உணவுக்குக் குறைவில்லாதவர்கள், விரும்பி வந்தவர்கள்.

விடுதியில் தங்கிப் படிக்கும் தோழர்கள் ஒரு வாரம் கணக்கெடுத்துப் பாருங்கள். மைதானம் யாருக்குத் திறந்திருக்கிறது, எத்தனை மணி நேரம்? ஆடி முடித்த பிள்ளைக்கு அடுத்த சாப்பாடு எப்போது, தட்டில் எவ்வளவு? தேதி போட்டு எழுதி வையுங்கள்.