கையால் கட்டிய கனவுகள்

1954-ஆம் ஆண்டில் வெளிவந்த 'நாகின்' என்னும் ஹிந்திப் படத்தை, வடநாட்டில் வாழும் தமிழருள் முதியோர் மறந்திருக்க மாட்டார்கள். திருவல்லிக்கேணியில் பிறந்த வைஜயந்திமாலா மகுடியின் நாதத்துக்கு மயங்கி ஆடிய படம் அது. ஆனால் அங்கே ஒலித்தது மகுடியே அன்று. ஹேமந்த் குமாரின் இசையமைப்பில் அந்நாதத்தை எழுப்பியது கிளாவியோலின் என்னும் சிறிய மின் வாத்தியம். வாசித்தவர், பின்னாளில் இசையமைப்பாளராய்ப் புகழடைந்த கல்யாண்ஜி.

அந்த வாத்தியத்தை 1947-இல் பிரான்சு தேசத்து வெர்சாய் நகரில் உருவாக்கியவர் கான்ஸ்டன்ட் மார்ட்டின். அவருடைய பேரனே, 1963-இல் அந்நகரில் பிறந்த மிஷேல் கோந்த்ரி. ஒரு பாட்டுக்கென்றே எடுக்கப்படும் மூன்று நான்கு நிமிடச் சிறு படங்களை, அதாவது இசை வீடியோக்களை, கனவைப் போல் சமைத்துக் காட்டியவர். பாட்டனார் செவிக்குச் செய்த ஜாலத்தைப் பேரன் கண்ணுக்குச் செய்தார் எனலாம்.

கோந்த்ரி முதலில் 'உய் உய்' என்ற இசைக்குழுவில் முரசு கொட்டியவர். தம் குழுவுக்காக அவர் எடுத்த சிறு படங்களுள் ஒன்றைக் கண்ட ஐஸ்லாந்துப் பாடகி பியோர்க், 1993-இல் தம் பாட்டுக்குப் படமெடுக்க அவரை அழைத்தார். கணினி வரைந்த பிராணிகளைக் கண்டு 'ஜுராசிக் பார்க்' படத்தில் உலகம் வியந்ததும் அதே ஆண்டில்தான். கோந்த்ரியோ பொம்மைக் கரடி ஒன்றைப் பெரிதாக்கி, செயற்கைக் காட்டில் நடமாட விட்டார்! பொம்மை என்பது பார்த்தவுடன் தெரிகிறது. எனினும் குழந்தைப் பருவத்து அச்சம் ஒன்று நெஞ்சைத் தொடுகிறது.

இது புதிய வழியன்று. மாயவித்தைக்காரராயிருந்து படமெடுக்க வந்த ஜார்ஜ் மெலியே, 1902-இல் வெளிவந்த தம் சந்திர யாத்திரைப் படத்தில் தீட்டிய திரைகளையும், படம்பிடிப்பதை நிறுத்திப் பொருளை மாற்றும் தந்திரத்தையும் கையாண்டார். அந்த மேதை முதுமையில் பாரிஸ் ரயில் நிலையம் ஒன்றில் பொம்மை விற்றுப் பிழைக்க நேர்ந்தது. அவர் விட்ட இழையையே கோந்த்ரி பற்றினார் என்பது என் கருத்து.

2002-இல் 'ஒயிட் ஸ்டிரைப்ஸ்' என்ற இருவர் குழுவுக்கு அவர் எடுத்த படம் இரண்டு நிமிடத்துக்கும் குறைவானது. பாடுவோரை முதலில் படம்பிடித்து, பின் ஒவ்வொரு அசைவையும் குழந்தைகள் அடுக்கி விளையாடும் லெகோ கட்டைகளால் மீண்டும் கட்டினார்கள். விநாடிக்கு 12 படங்களே போதும் என்று கொண்டாலும், ஒரு நிமிடத்துக்கு 720 முறை கட்டையைக் கலைத்து அடுக்க வேண்டும். எத்தகைய பொறுமை!

கணினியை அவர் அறவே ஒதுக்கினார் என்று எண்ணிவிடலாகாது. அதே ஆண்டில் 'கெமிக்கல் பிரதர்ஸ்' குழுவின் 'ஸ்டார் கிட்டார்' பாட்டுக்கு, ரயில் ஜன்னலில் ஓடும் காட்சியை மட்டுமே காட்டினார். கம்பம், பாலம், கட்டடம் ஒவ்வொன்றும் தாளத்துக்கு ஒரு தட்டாக வந்து மறையும். உண்மையான பயணத்திற் பிடித்த படங்களைக் கணினியில் இணைத்தே இதைச் செய்தார். ஆயினும் எந்தத் தட்டுக்கு எந்தப் பொருள் என்பதை முன்னதாக அவர் வகுத்தது ஆரஞ்சுப் பழங்களையும் முட்கரண்டிகளையும் வரிசையாக வைத்து! இரண்டு நாள் ரயிலேறி ஊர் திரும்பும் நம்மவர், சக்கரத்தின் தாளத்துக்குக் கம்பங்களை எண்ணிய அனுபவத்தால் இப்படத்தை எளிதில் உணர்வர்.

2004-இல் வெளியான 'எடர்னல் சன்ஷைன் ஆப் தி ஸ்பாட்லெஸ் மைண்ட்' என்ற முழுநீளப் படத்திலும் இவ்வழக்கத்தை அவர் விடவில்லை. காதலியின் நினைவை அழித்துக்கொள்ள முயலும் ஒருவனின் கதை அது. கதாநாயகன் குழந்தையாகிச் சமையலறை மேசையடியில் ஒளியும் காட்சியில், நடிகர் ஜிம் கேரி கேமராவுக்குத் தொலைவில் இருத்தப்பட்டார். அவரைச் சூழ்ந்த சாமான்கள் பேருருவாகச் செய்யப்பட்டன. அவ்வளவில் அவர் சிறுவனாய்ச் சுருங்கிவிட்டார். இன்னொரு காட்சியில் அவனே தன்னை எதிரில் காண்கிறான். அதற்கு இரட்டைப் பதிவு ஏதும் இல்லை. கேமரா மெல்லத் திரும்பும் சில விநாடிகளுக்குள், ஜிம் கேரி அதன் பின்புறமாக ஓடி, உடையை மாற்றிக்கொண்டு மறுபக்கத்தில் வந்து நின்றார்.